நண்பர் இசையமைத்த பாட்டுக்குக் கருத்துச் சொல்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒருவர் தாமே மெட்டுப் போட்டு, தாமே பதிவு செய்து, "கேட்டுட்டுச் சொல்லுங்க" என்று ஒரு பாட்டை அனுப்புகிறார். இது அவர் தொழில் இல்லை. வேலையும் படிப்பும் போக மிஞ்சிய நேரத்தில், ஆசைக்காகச் செய்தது. என்ன சொல்வதென்று தெரியாமல் பலர் "சூப்பர்" என்று ஒரு சொல்லோடு நிறுத்திவிடுகிறார்கள். இப்படிப்பட்ட பாடல்களைப் பல ஆண்டுகளாகக் கேட்டும், என் மெட்டுகளைப் பிறரிடம் கொடுத்துக் கருத்து வாங்கியும் வருகிறேன். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எனக்கு ராகம், தாளம், கார்டு (ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) எதுவும் தெரியாது. நான் கருத்துச் சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். இசை படித்தவர் "இங்கே கார்டு மாற்றம் சரியில்லை" என்பார். நீங்கள் "இங்கே என் கவனம் வேறெங்கோ போய்விட்டது" என்பீர்கள். இந்த இரண்டாவது செய்திதான் இசையமைத்தவருக்குத் தானாகக் கிடைக்காதது. அவர் அந்தப் பாட்டை நூறு தடவைக்கு மேல் கேட்டுவிட்டார். முதல் தடவை கேட்கிற காது அவருக்கு இனி வராது. அது உங்களிடம் இருக்கிறது.

ஆனால் தெரியாத கலைச்சொற்களை இரவல் வாங்காதீர்கள். "மிக்ஸிங் சரியில்லை" என்று நீங்கள் எழுதினால் அவர் இரண்டு இரவு மிக்ஸிங்கோடு, அதாவது குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலக்கும் வேலையோடு, மல்லுக்கட்டுவார். நீங்கள் சொல்ல வந்தது "பாடுகிற வார்த்தைகள் புரியவில்லை" என்பதாக இருந்திருக்கும். அதற்குக் காரணம் மிக்ஸிங்காகவும் இருக்கலாம், பாடியவரின் உச்சரிப்பாகவும் இருக்கலாம், மெட்டின் வேகமாகவும் இருக்கலாம். எது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. உங்களுக்கு என்ன நேர்ந்தது, பாட்டின் எந்த நிமிடத்தில் எந்த நொடியில் நேர்ந்தது என்று சொன்னால் போதும்.

எத்தனை முறை கேட்க வேண்டும்?

குறைந்தது இரண்டு. முதல் முறை நிறுத்தாமல், குறிப்பெடுக்காமல், வேறு வேலை செய்யாமல் முழுதாகக் கேளுங்கள். முடிந்தவுடன் மனதில் தங்கியதை இரண்டு வரியில் எழுதிவையுங்கள். மெட்டின் ஒரு துண்டு நினைவிருக்கிறதா, எந்த இடம் சலித்தது, முடிவு முடிவாகத் தெரிந்ததா? இந்தக் குறிப்பை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். இரண்டாம் முறை கேட்கும்போது நாம் பழகிவிடுகிறோம், பழகிய காது குறைகளை மன்னிக்கத் தொடங்கிவிடும்.

இரண்டாம் முறை நேரத்தைக் குறித்துக்கொண்டு கேளுங்கள். முடிந்தால் மூன்றாம் முறை வேறு கருவியில் கேளுங்கள். முதலில் ஹெட்போனில் கேட்டிருந்தால் அடுத்து போன் ஸ்பீக்கரில்.

கேட்பதற்கு முன் அவரிடம் ஏதாவது விசாரிக்க வேண்டுமா?

மூன்று விஷயங்கள். இது எந்தக் கட்டத்தில் இருக்கிறது: மெட்டு மட்டும் போட்ட டெமோவா, முடிந்துவிட்ட பாட்டா? எதற்காகச் செய்தது: தனியாகக் கேட்கவா, நாடகத்துக்கா, நடனத்துக்கா? உங்களிடமிருந்து எதைப் பற்றிய கருத்து வேண்டும்?

இதைக் கேட்காமல் விட்டு ஒருமுறை தவறு செய்திருக்கிறேன். ஒரு நண்பரின் பாட்டில் முன்னிசை ஒன்றரை நிமிடம் நீண்டது. பாதியாக வெட்டச் சொல்லி நீளமாக எழுதினேன். அது மேடையில் ஆடுபவர்கள் ஒவ்வொருவராக வந்து நிற்பதற்கான இசை என்று அப்புறம்தான் தெரிந்தது. நான் எழுதியதில் ஒரு வரிகூட அவருக்குப் பயன்படவில்லை.

"நன்றாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் என்ன தவறு?

தவறு ஒன்றுமில்லை. சொல்லாமல் விடுவதைவிட நல்லது. ஆனால் அடுத்த பாட்டைச் செய்ய உட்காரும்போது அந்தச் சொல் அவருக்குக் கைகொடுக்காது. எது நன்றாக இருந்தது என்று தெரிந்தால்தான் அதை அவர் காப்பாற்ற முடியும். தன் பாட்டின் மிக அழகான இடம் எதுவென்று தெரியாமல், திருத்துகிறேன் என்று அதையே வெட்டிவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பாராட்டையும் குறையைப் போலவே இடம் சுட்டிச் சொல்ல வேண்டும் என்பது அதனால்தான்.

இப்படி எழுதலாம்:

"முன்னிசையில் வரும் புல்லாங்குழல் வரி உடனே மனதில் ஒட்டிக்கொண்டது. பல்லவி இரண்டாம் முறை வந்தபோது கூடவே முணுமுணுத்தேன். 1:40 முதல் 2:10 வரை கவனம் நழுவியது. சரணத்தின் நான்கு வரியும் ஒரே மெட்டில் போவதாலோ என்று தோன்றுகிறது, அது என் ஊகம்தான். பாட்டு முடிந்ததே தெரியவில்லை. பதிவு பாதியில் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்."

இதில் ஒரு கலைச்சொல் இல்லை, தீர்ப்பும் இல்லை. படிப்பவருக்கு மறுநாள் காலையில் எந்த இடத்தைத் திறந்து பார்ப்பது என்று தெரிந்துவிடும்.

எதிலிருந்து தொடங்குவது?

பெரியதிலிருந்து. முதலில் பாட்டின் வடிவம்: எங்கே தொடங்கி எங்கே ஏறி எங்கே இறங்குகிறது. அப்புறம் மெட்டு. அதன்பின் தாளம், கார்டுகள், எந்த வாத்தியம் எதைச் செய்கிறது என்பவை. மிக்ஸிங் கடைசி. நடைமுறையில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஏனென்றால் பேஸ் (அடித்தள ஒலி) அதிகம், ட்ரம்ஸ் சத்தம் என்பதெல்லாம் சொல்வதற்கு எளிது. சரணமே தேவையில்லை என்று பிறகு முடிவானால், அந்தச் சரணத்தில் பேஸைச் சரிசெய்த உழைப்பு வீண்.

ஒரே நேரத்தில் பதினைந்து குறைகளைச் சொல்லாதீர்கள். இரண்டு, மிஞ்சினால் மூன்று. மற்றவை அடுத்த சுற்றில் இருந்தால் அப்போது சொல்லலாம். பெரிய விஷயம் ஒன்று சரியானால் சிறியவை பாதி தானாக மறைவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மெட்டைப் பற்றி என்ன சொல்வது? பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்பதைத் தாண்டி எதுவும் தோன்றவில்லையே.

நான் எனக்குள் கேட்டுக்கொள்ளும் சில கேள்விகள் உண்டு. பாட்டு முடிந்து பத்து நிமிடம் கழித்து அதில் ஒரு வரியையாவது என்னால் முனக முடிகிறதா? முடியவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: அவர் ஒரு நல்ல துண்டைக் கண்டுபிடித்துவிட்டு, அதைத் திரும்பச் சொல்லாமல் அடுத்ததற்குப் போய்விட்டார். புதிதாக இசையமைப்பவர்கள் ஒரே பாட்டில் மூன்று பாட்டுக்கான சரக்கை வைத்துவிடுவார்கள். அது வறுமை இல்லை, தாராளம். "இந்தத் துண்டு இன்னும் இரண்டு முறை வந்திருக்கலாமே என்று ஏங்கினேன்" என்று அவரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று, மெட்டின் உச்சம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மிக உயர்ந்த சுரம் பல்லவியின் முதல் வரியிலேயே வந்துவிட்டால் பாட்டுக்குப் போக இடமிருக்காது. சரணமும் பல்லவியும் ஒரே உயரத்தில் நடந்தால், பல்லவி திரும்பி வரும்போது வந்த உணர்வே எழாது.

கடைசியாக, கூடவே பாடிப் பாருங்கள். எங்கே மூச்சு முட்டுகிறது? கீபோர்டில் விரல் வைத்து மெட்டுப் போடுபவர்களுக்கு மூச்சு நினைவிருக்காது. விரலுக்கு அது தேவையில்லை. ஒரு வரியைப் பாடி முடிக்கும் முன் நீங்கள் மூச்சு வாங்கினால் அந்த இடத்தைக் குறித்துக் கொடுங்கள். பாடகர் கிடைத்தபின் தெரியவருவதைவிட இப்போதே தெரிவது நல்லது.

மெட்டும் நன்றாக இருக்கிறது, வரிகளும் நன்றாக இருக்கின்றன. சேர்ந்தால் ஏனோ ஒட்டவில்லை. எப்படிச் சொல்வது?

தமிழ்ப் பாட்டென்றால் முதலில் குறில் நெடிலைப் பாருங்கள். தமிழில் எழுத்தை நீட்டினால் பொருளே மாறிவிடுகிறது. நீண்ட சுரத்தில் "மலை" என்ற சொல்லின் முதலெழுத்து உட்கார்ந்தால் "மாலை" என்று கேட்கும். "படம்" பாடமாகும், "கல்" காலாகும், "விடு" என்று கெஞ்சுகிற வரி வீட்டைப் பற்றிய வரியாகிவிடும். மறுபக்கம், வேகமான மெட்டில் நெடில் சுருங்கினாலும் இதே கோளாறு.

அடுத்தது சொல் உடையும் இடம். "மறக்கவில்லை" என்பதில் "மறக்க" ஓர் அடியிலும் "வில்லை" அடுத்த அடியிலும் விழுந்தால், கேட்பவர் காதில் வேறொரு சொல் விழுகிறது. பொருளும் தலைகீழாகிவிடுகிறது.

எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் இது கேட்கவே கேட்காது. அவர்களுக்கு வரி மனப்பாடம். அதனால் இங்கே நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி ஒன்று இருக்கிறது: வரிகளைப் படிக்காமல் பாட்டைக் கேட்டு, காதில் விழுந்ததை அப்படியே எழுதி அனுப்புங்கள். புரியாத இடத்தில் புள்ளி வையுங்கள். விளக்கமே தேவையில்லை, அந்தத் தாளை மூல வரிகளோடு ஒப்பிட்டால் எல்லாம் விளங்கிவிடும். திருத்தமும் பெரும்பாலும் சுலபம். நீளும் சுரத்தில் நெடில் வருமாறு சொல்லை மாற்றலாம், அல்லது மெட்டில் ஒரு சுரத்தை இடம் மாற்றலாம். யார் விட்டுக்கொடுப்பது என்பதை அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளட்டும்.

கம்ப்யூட்டரில் செய்த வயலினும் புல்லாங்குழலும் செயற்கையாக ஒலிக்கின்றன. வசதி இல்லாதவரிடம் இதைச் சொல்வது நியாயமா?

நிஜ வாத்தியக் கலைஞரை அழைக்கச் சொல்வது நியாயமில்லை. ஆனால் செயற்கைத்தனத்துக்குப் பாதிக் காரணம் மென்பொருள் இல்லை, அதில் எழுதிய விதம். புல்லாங்குழல் மூச்சே வாங்காமல் நாற்பது நொடி ஊதும். வயலினில் வாசிக்கவே முடியாத சுரம் வரும். அதன் அடித்தந்தி 196 ஹெர்ட்ஸில் நிற்கிறது, அதற்குக் கீழே வழக்கமான வயலினில் சுரம் கிடையாது. மிடியில் (கம்ப்யூட்டர் இசையில் சுரங்களைப் பதியும் முறை) ஒரு சுரம் எவ்வளவு அழுத்தமாக வாசிக்கப்படுகிறது என்பது 1 முதல் 127 வரையிலான எண்ணாகப் பதிவாகிறது. எல்லாச் சுரமும் 100 என்றே இருந்தால், எவ்வளவு விலை உயர்ந்த மென்பொருளானாலும் இயந்திரம் வாசிப்பது போலத்தான் இருக்கும். இவற்றைச் செலவில்லாமல் சரிசெய்யலாம், ஆகவே சொல்லுங்கள்.

மிக்ஸிங் பற்றி?

சுருக்கமாக. குரல் கேட்கிறதா, ஏதாவது ஒன்று மற்றவற்றை மூடுகிறதா, எங்காவது ஒலி கிழிகிறதா என்று மட்டும் பாருங்கள். போன் ஸ்பீக்கரில் அடித்தள ஒலிகள் பெரும்பாலும் வராது. அதில் கேட்டுவிட்டு பேஸ் இல்லை என்று எழுதாதீர்கள், எதில் கேட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டு மிக்ஸ்களை ஒப்பிடச் சொன்னால் முதலில் இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவாருங்கள். சற்றே சத்தமாக இருப்பது நம் காதுக்குச் சிறந்ததாகத் தோன்றிவிடும்.

கேட்டவுடனே வேறொரு பாட்டு நினைவுக்கு வருகிறது. சொல்லலாமா?

கட்டாயம் சொல்லுங்கள், ஆனால் தனியாக, குற்றம் சாட்டாமல். "இதன் இரண்டாம் வரி இந்தப் பாட்டின் இந்த இடத்தை நினைவுபடுத்துகிறது, ஒருமுறை கேட்டுப் பாருங்கள்" என்றால் போதும். பெரும்பாலும் அவருக்கே தெரியாமல் நடந்திருக்கும். பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் வேறொரு பாட்டின் மெட்டை எடுத்துவிட்டார் என்று அவர் மீது தொடுத்த வழக்கில் 1976இல் அமெரிக்க நீதிமன்றம், அவர் வேண்டுமென்று எடுக்கவில்லை, ஆழ்மனதில் கிடந்த மெட்டு வெளிவந்திருக்கிறது என்றுதான் சொன்னது. அப்படியும் உரிமை மீறல் மீறல்தான் என்று தீர்ப்பானது. உலகமறிந்த இசைக் கலைஞருக்கே நடந்தது இது. ஒரே ராகம், ஒரே கார்டு வரிசை, ஒரே தாளம் என்பதெல்லாம் பொதுச் சொத்து, அதற்காகக் கலங்கத் தேவையில்லை. மெட்டின் சுர வரிசையும் அதன் நடையும் சேர்ந்து ஒத்துப்போனால்தான் கவனம் வேண்டும்.

கடுமையாகச் சொன்னால்தானே வளர்வார்கள்?

இந்த நம்பிக்கை எனக்கு இல்லை. 1874 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மாலை, ருஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கி தன் முதல் பியானோ கான்செர்ட்டோவை (பியானோவும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) நிகோலாய் ரூபின்ஸ்டைனுக்கு வாசித்துக் காட்டினார். தேர்ந்த பியானோ கலைஞர் ஒருவரின் யோசனை வேண்டும் என்றுதான் போனார். முதல் பகுதி முடிந்தது, ரூபின்ஸ்டைன் ஒரு சொல்லும் பேசவில்லை. முழுவதும் முடிந்தபின் வெடித்தார்: மதிப்பில்லாதது, வாசிக்க முடியாதது, சில பக்கங்கள் தவிர மற்றதைத் தூக்கிப் போட வேண்டும். ஒரு சுரத்தைக்கூட மாற்ற மாட்டேன் என்று சைகோவ்ஸ்கி சொல்லிவிட்டு வந்தார். மூன்று ஆண்டு கழித்து எழுதிய கடிதத்திலும் அந்தக் காயம் ஆறவில்லை. 1875 அக்டோபரில் பாஸ்டனில் அது அரங்கேறியது. பிற்பாடு ரூபின்ஸ்டைனே மனம் மாறி அதை மேடையில் நடத்தினார். சைகோவ்ஸ்கியும் பின்னாளில் பியானோ பகுதிகளைத் திருத்தத்தான் செய்தார். அதாவது ரூபின்ஸ்டைன் சொன்னதில் கொஞ்சம் விஷயம் இருந்திருக்கலாம். சொன்ன விதம் அதை உள்ளே போகவிடவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. 1899இல் இங்கிலாந்தில் இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கரின் எனிக்மா வேரியேஷன்ஸ் என்ற வாத்தியக் குழுப் படைப்பு அரங்கேறியபின், இசைப் பதிப்பகத்தில் பணியாற்றிய அவர் நண்பர் ஆகஸ்ட் யேகர், முடிவு பட்டென்று முடிந்துவிடுகிறது என்றார். எல்கர் முதலில் ஒப்பவில்லை. நண்பர் விடவும் இல்லை, சண்டைக்கும் போகவில்லை. கடைசியில் எல்கர் 96 பார்கள் (தாளக் கட்டங்கள்) சேர்த்து எழுதினார், இன்று மேடைகளில் வழக்கமாகக் கேட்பது அந்த நீண்ட முடிவைத்தான். யேகர் முழுப் படைப்பையும் தள்ளவில்லை. ஒரே ஓர் இடத்தைக் காட்டினார், எல்கரின் இசை மீது அவருக்கிருந்த அன்பு எல்கருக்குத் தெரிந்தே இருந்தது.

தொழிலாக இசை செய்தவர்களுக்கே இப்படி என்றால், பொழுது கிடைக்கும்போது செய்பவருக்கு எப்படி இருக்கும்? கடுமையான ஒரு சொல்லுக்குப் பிறகு கீபோர்டையே திறக்காதவர்களை எனக்குத் தெரியும். குறையை மறைக்கச் சொல்லவில்லை. குறையை முழுதாகச் சொல்லுங்கள், ஆளைத் தொடாதீர்கள்.

அந்தப் பாணியே எனக்குப் பிடிக்காது. என்ன செய்வது?

அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். "நான் மின்னணு இசை அதிகம் கேட்பவனல்ல, அதை மனதில் வைத்துப் படியுங்கள்." அப்புறம், அவர் செய்ய நினைத்ததைச் செய்திருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். நீங்கள் செய்திருந்தால் எப்படிச் செய்திருப்பீர்கள் என்பது இங்கே கேள்வியே இல்லை.

அர்ஜென்டினாவின் இசையமைப்பாளர் ஆஸ்டர் பியாசொல்லா 1954இல் பாரிஸுக்குப் போய் இசை ஆசிரியை நாடியா பூலான்ஜேவிடம் படித்தார். தான் டாங்கோ என்ற அர்ஜென்டின நடன இசை வாசிப்பவன் என்பதை வெட்கப்பட்டு மறைத்தார். அவருடைய செவ்வியல் படைப்புகளைப் பார்த்த பூலான்ஜே, எழுத்து நன்றாக இருக்கிறது, ஆனால் இதில் பியாசொல்லாவைக் காணோமே என்றாராம். பின் அவரை ஒரு டாங்கோவை வாசிக்க வைத்து, இதுதான் நீ, இதை விட்டுவிடாதே என்றார். இது பியாசொல்லாவே பின்னாளில் சொன்னது. பூலான்ஜே மேற்கத்தியச் செவ்வியல் மரபில் ஊறியவர். தன் ரசனைப்படி திருத்தியிருந்தால் ஒரு சுமாரான சிம்பொனிக்காரர் கிடைத்திருப்பார்.

தீர்வையும் நானே சொல்ல வேண்டுமா?

அவர் கேட்டால் சொல்லுங்கள். கேட்காவிட்டால் சிக்கலோடு நிறுத்துங்கள். அவர் பாட்டைத் திறந்து பார்த்து, நீங்கள் நினைக்காத வழியில் சரிசெய்வார், அது அவருடையதாகவே இருக்கும்.

உண்மையிலேயே எதுவும் தேறவில்லை என்றால்?

அப்படி ஒரு பாட்டை நான் இன்னும் கேட்கவில்லை. சுருதி சேராமல், தாளம் நழுவி, மெட்டே பிடிபடாத பாட்டில்கூட ஏதாவது ஒரு தேர்வு இருக்கும்: எதிர்பாராத ஒரு நிறுத்தம், யாரும் சேர்க்காத இரண்டு வாத்தியங்கள். அதைத் தேடி எடுத்துச் சொல்லுங்கள். பொய்ப் பாராட்டு வேண்டாம், அது கேட்பவருக்குத் தெரிந்துவிடும். அப்புறம் ஒரே ஒரு குறை, அடுத்த பாட்டில் அவரால் சரிசெய்ய முடிகிற ஒன்று. சுருதியும் தாளமும் ஒருசேரத் தடுமாறினால் நான் தாளத்தைத்தான் முதலில் சொல்வேன். மெட்ரோனோம் (சீராகத் தட்டி வேகம் காட்டும் கருவி) வைத்துக்கொண்டு சில வாரம் பழகினாலே மாற்றம் தெரியும், அந்த முன்னேற்றம் மற்றதற்குத் தெம்பு தரும்.

நான்தான் இசையமைத்தவன். கருத்தை எப்படி வாங்கிக்கொள்வது?

நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990இல் உருவாக்கத் தொடங்கிய ஒரு முறை இருக்கிறது. இசைக்கும் அப்படியே பொருந்தும். முதலில் கேட்டவர்கள், எது மனதைத் தொட்டது, எது நினைவில் நின்றது என்று சொல்கிறார்கள். அடுத்து படைத்தவர் தன் சந்தேகங்களைக் கேட்கிறார். மூன்றாவதாகக் கேட்டவர்கள், தங்கள் தீர்ப்பைக் கலக்காமல் கேள்வி கேட்கிறார்கள். "ஏன் இவ்வளவு நீளம்?" என்றில்லாமல், "இந்த இடையிசை எதற்காக?" என்று. கடைசியில், "இடையிசை பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, கேட்கிறீர்களா?" என்று அனுமதி கேட்டுச் சொல்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

தனியாக ஒருவரிடம் கேட்பதானால், கேள்வியைக் கூர்மையாக்குங்கள். "எப்படி இருக்கு?" என்றால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். "இரண்டாம் சரணம் தேவையா?" என்று கேளுங்கள். பதில் வந்ததும் விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள், எழுதிவைத்துக்கொண்டு ஒரு நாள் தள்ளிப் படியுங்கள். மூன்று பேர் ஒரே இடத்தைச் சுட்டினால், அவர்கள் சொல்லும் காரணங்கள் வேறுவேறாக இருந்தாலும், அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது.

திருத்திய பாட்டை மறுபடி அனுப்பினால் என்ன செய்வது?

பழையதைக் கேட்காமல் முதலில் புதியதை முழுதாகக் கேளுங்கள். அப்புறம் இரண்டையும் ஒரே சத்தத்தில் ஒப்பிடுங்கள். எது மேம்பட்டது என்பதோடு எது காணாமல் போனது என்பதையும் சொல்லுங்கள். திருத்தும்போது நல்லதும் சேர்ந்து போய்விடுவது உண்டு. நீங்கள் சொன்ன ஒன்றை அவர் மாற்றாமல் விட்டிருந்தால் அதை மறுபடி கிளற வேண்டாம். பாட்டு அவருடையது. ஒருவேளை அந்த இடம் இப்போது உங்களுக்கே உறுத்தாமல் போயிருக்கலாம், அப்படியானால் அதையும் அவரிடம் சொல்லுங்கள்.